6. பச்சை முட்டையும் பக்கத்து விருந்தாளியும்

ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்த இரண்டாவது வருஷம், ஜப்பானில் ஒரு குடும்பத்தோடு பத்து நாள் தங்கியிருந்தேன். ஓர் இரவு சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்த பிறகு, அந்த வீட்டுப் பாட்டி, "இதை மூணு தடவை வேகமாச் சொல்லு பார்ப்போம்" என்று ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டார். நமமுகி, நமகொமெ, நமதமகொ. பச்சைக் கோதுமை, பச்சரிசி, பச்சை முட்டை. முதல் தடவை ஒழுங்காகச் சொல்லிவிட்டேன். இரண்டாவது தடவையும் தப்பித்தேன். மூன்றாவதில் 'நமகொமெ' என் வாயில் 'நமகொமி' ஆகிவிட்டது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த மூடி போட்ட வாளியைக் கையால் காட்டினார். நமகொமி என்றால் சமையலறை ஈரக்குப்பை! வீடே சிரித்து அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

இந்த விளையாட்டுக்கு அங்கே 'ஹயகுசி கொதொபா' என்று பெயர். ஹய என்றால் வேகம், குசி என்றால் வாய், கொதொபா என்றால் சொல். நம் வீடுகளில் தாத்தா தைத்த சட்டையும் வாழைப்பழத் தோலில் வழுக்கிய கிழவனும் இருப்பது மாதிரி, அங்கே இந்தப் பச்சை முட்டை. குழந்தைகள் விளையாட்டாகச் சொல்வார்கள். அறிவிப்பாளர்களும் நாடக நடிகர்களும் பிழைப்புக்காகச் சொல்வார்கள். விளையாட ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்திருந்தால் போதும். பேச்சுக்காகச் சொல்லவில்லை, இரண்டு மொழிகளுக்கும் ஒலியிலும் வாக்கிய அமைப்பிலும் இருக்கிற ஒற்றுமை இந்த விளையாட்டில் நேராகவே கைகொடுக்கிறது.

முதலில், எழுத்தைப் படிக்கும் முறை

பழைய ஸ்லோகப் புத்தகங்களில் க³, த³, ப³ என்று எழுத்தின் தலையில் எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எண் இல்லாத க, 'கல்'லில் வரும் க. எண் 3 போட்ட க³, 'தங்கம்' என்பதில் வரும் க. அப்படியே த³ 'பந்து' போல, ப³ 'அன்பு' போல. ச எப்போதும் 'பச்சை'யில் வரும் ச. மற்றதற்கு ஸ இருக்கிறது. இடையில் போட்டிருக்கும் சிறு கோடு தட்டுகளை, அதாவது மாத்திரைகளை, பிரித்துக் காட்டுகிறது; நெடில் வந்தால் மட்டும் ஒரே துண்டில் இரண்டு தட்டு. கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் புதுச் சொல்லின் முதல் எழுத்து மாதிரி உச்சரியுங்கள். 'க-கி' என்று இருந்தால் இரண்டாவது கி, 'கிளி'யின் கி. 'அகில்' என்பதில் மெலிந்துபோகிற கி அல்ல.

உயிரெழுத்தில் நமக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஜப்பானிய மொழியில் குறில் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. அவற்றுக்கு நெடில் ஐந்து. ஐ, ஔ இரண்டையும் தள்ளிவிட்டால் நம் பட்டியல் அப்படியே இருக்கிறது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் எழுத்திலேயே பிரிந்திருப்பது நமக்குப் பெரிய வசதி. அவர்களுடைய உகரம்கூட உதட்டைக் குவிக்காத உகரம்தான். 'காசு', 'பாட்டு' என்பவற்றின் கடைசியில் வரும் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று நாம் பள்ளியில் எண்ணிய கணக்குதான் ஜப்பானிய மொழியின் உயிர்நாடி. ஒரே ஒரு வித்தியாசம்: நாம் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை கொடுப்போம், அவர்கள் தனித்து நிற்கும் 'ன்'னுக்கும், இரட்டிக்கும்போது வரும் முதல் மெய்க்கும் முழுசாக ஒன்று கொடுப்பார்கள். ஹைக்கூவின் 5-7-5 கணக்கும் இந்தத் தட்டுகளின் கணக்குதான். எனவே எந்த வாக்கியத்தையும் முதலில் தொடையில் தாளம் போட்டுச் சொல்லிப் பாருங்கள். தாளம் சரியாக இருந்தால் வேகம் தானாக வரும். வேகத்தை முதலில் பிடித்தால் தாளம் எந்த ஜென்மத்திலும் வராது.

ஆங்கில எழுத்தில் எழுதியதைப் பார்த்துப் படிக்காதீர்கள். அப்படிப் படிக்கிறவர்கள் 'நாமா மூகி' என்று எல்லாவற்றையும் நீட்டிவிடுகிறார்கள். நீட்டினால் மாத்திரை கூடிவிடும். ஜப்பானியர் காதுக்கு அது வேறு சொல்.

தொடங்க ஒரு முட்டை

ந-ம-மு-கி³ / ந-ம-கொ³-மெ / ந-ம-த-ம-கொ³

நான்கு, நான்கு, ஐந்து. மொத்தம் பதின்மூன்று தட்டு. 'நம' என்றால் பச்சை, அதாவது வேகாதது. முகி கோதுமை அல்லது பார்லி, தமகொ முட்டை. அரிசிக்குச் சொல் 'கொமெ'. முன்னால் 'நம' வந்து ஒட்டியதும் கடினமான கொ, மெலிந்து கொ³ ஆகிறது. 'கல்' என்பது 'கருங்கல்' ஆகும்போது க மெலிகிறதே, கேட்பதற்கு அது மாதிரி.

இதில் வழுக்குமிடம் நடுச்சொல். 'ம'வும் 'மெ'யும் 'மு'வும் உதட்டில் பிறப்பவை. 'கி³', 'கொ³' தொண்டைக்குப் பக்கத்தில் பிறப்பவை. நாக்கு முன்னும் பின்னும் ஓடிக் களைத்து, மூன்றாம் சுற்றில் கொ³-மெ இடம் மாறி மொ-மெ ஆகும், அல்லது என்னைப் போலக் குப்பை ஆகும்.

இதற்கு ஒரு நல்ல வைத்தியம் உண்டு. ஷிகி என்ற பெரிய நாடகக் குழு ஒன்று ஜப்பானில் இருக்கிறது, 1953இல் தொடங்கியது. அவர்கள் நடிகர்களுக்குச் சொல்லித்தரும் முறைகளில் ஒன்று, வசனத்தின் மெய்களை உதிர்த்துவிட்டு உயிரை மட்டும் சொல்லிப் பழகுவது. நம் வாக்கியத்தை அப்படிச் சொன்னால்: அ-அ-உ-இ, அ-அ-ஒ-எ, அ-அ-அ-அ-ஒ. கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். பத்துத் தடவை இப்படிச் சொல்லிவிட்டு மெய்களைத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். வாய் வழிதெரிந்த மாடு மாதிரி போகும்.

இலக்கணம் கைகொடுக்கும் மூன்று

தொ-ந-ரி-நொ / க்ய-கு-வ / யொ-கு / க-கி / கூ / க்ய-கு-த³

இதன் பொருளைச் சொல்லுக்குச் சொல், வரிசை மாற்றாமல் தமிழில் வைக்கலாம்: பக்கத்து / விருந்தாளி / நிறைய / ககிப் பழம் / தின்னும் / விருந்தாளி. எதையும் முன்பின்னாக நகர்த்த வேண்டியிருக்கவில்லை. 'பழம் தின்னும் விருந்தாளி' என்று நாம் பெயரெச்சத்தை முன்னால் வைப்பதுபோலத்தான் அவர்களும் வைக்கிறார்கள். பொருள் மனதில் நின்றால் வாக்கியமும் நிற்கும். ககி என்பது இலையுதிர் காலத்துப் பழம். ஆரஞ்சு நிறத் தக்காளி மாதிரி இருக்கும், நம் ஊர்ப் பெரிய கடைகளில் பெர்சிமன் என்று விற்கிறார்கள். 'க்யகு', 'ககி' இரண்டும் வேகத்தில் இடம் மாறிக்கொண்டால், விருந்தாளியைத் தின்னும் பழம் வந்து உட்கார்ந்துவிடும்.

ஸு-மொ-மொ-மொ / மொ-மொ-மொ / மொ-மொ-நொ உ-சி

ஸுமொமொ ப்ளம்ஸ் பழம், மொமொ பீச் பழம். தனியாக வரும் 'மொ' என்ன தெரியுமா? நம்முடைய 'உம்'. ஸுமொமொ-உம், மொமொ-உம், மொமொ வகைக்குள்தான். தாவரவியல்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரே பேரினம்தானே தவிர, ப்ளம்ஸ் பீச் ஆகிவிடாது. அது கிடக்கட்டும். எட்டு மொ வரிசையாக வருகிறது. தவறு என்ன வரும் என்றால், ஏழோடு நிற்பீர்கள் அல்லது ஒன்பதுக்குப் போவீர்கள். இரண்டு பேர் விரல்விட்டு எண்ண, மூன்றாமவர் சொல்லட்டும். மூன்று சொல்லாகப் பிரித்து இடையில் நூலிழை இடைவெளி விட்டால் எண்ணிக்கை தப்பாது.

நி-வ-நி-வ / நி-வ / நி-வ-தொ-ரி / க³ இ-ரு

'தோட்டத்தில் இரண்டு கோழி இருக்கு.' நிவ என்றால் வீட்டுத் தோட்டம். 'நி' நம் 'இல்'. 'வ', பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருளைச் சுட்டும் ஒட்டு. இரண்டாவது நிவ, 'இரண்டு' என்ற நி-யும் பறவைகளை எண்ணும்போது சேர்க்கும் வ-வும் சேர்ந்தது. கடைசியில் நிவதொரி, நிவ தோட்டம், தொரி பறவை, சேர்த்தால் கோழி. ஜப்பானியர் இதைச் சொல்லும்போது தோட்டத்தின் நிவவையும் இரண்டு என்ற நிவவையும் குரலின் ஏற்ற இறக்கத்தால் பிரித்துக் காட்டுவார்கள். தோட்டத்துக்குக் குரல் கீழிருந்து மேலே ஏறும். இரண்டுக்கு மேலிருந்து கீழே இறங்கும். உங்களுக்கு அது வராவிட்டாலும் பரவாயில்லை, கோழி ஓடிவிடாது. எளிதாக இருக்கிறது என்று தோன்றினால் முன்னால் 'உ-ர-நி-வ-நி-வ நி-வ' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்: கொல்லையில் இரண்டு, முன்தோட்டத்தில் இரண்டு.

தவளை வந்தால் குழந்தைகளும் வருவார்கள்

க-எ-ரு ப்யொ-கொ ப்யொ-கொ
மி-ப்யொ-கொ ப்யொ-கொ
அ-வ-ஸெ-தெ ப்யொ-கொ ப்யொ-கொ
மு-ப்யொ-கொ ப்யொ-கொ

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதிலிருந்து தொடங்குங்கள். கஎரு தவளை. 'ப்யொகொ ப்யொகொ' தத்தித் தத்திப் போவதற்கான இரட்டைக்கிளவி. ஜப்பானிய மொழியில் இப்படி ஏராளம். மழைக்கு, நடைக்கு, நெஞ்சு படபடப்புக்கு, எல்லாவற்றுக்கும் உண்டு. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று படித்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மி என்றால் மூன்று, மு என்றால் ஆறு, அவஸெதெ என்றால் சேர்த்து. மூன்று தத்தலும் மூன்று தத்தலும் சேர்த்தால் ஆறு தத்தல். இங்கே ஓர் அழகு ஒளிந்திருக்கிறது. ஜப்பானிய மொழியின் பழைய எண்ணுப்பெயர்களில் ஓர் எண்ணின் உயிரை மாற்றினால் அதன் இரட்டிப்பு கிடைக்கிறது: மூன்று மி, ஆறு மு, நான்கு யொ, எட்டு ய. தவளை வாக்கியம் நாக்கைத் தடுக்குவது இந்த மி, மு ஜோடியில்தான். இரண்டும் ஒரே உதட்டு வேலை, உயிர் மட்டும் வேறு.

பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து, ஒவ்வொரு 'ப்யொ'வுக்கும் ஒரு குதி குதிக்கச் சொல்லுங்கள். குதிப்பு தாளத்தைக் காப்பாற்றும். மேல்மாடியில் குடியிருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மொட்டைச் சாமியார் முதல் வெடிக்கும் பஸ் வரை

அடுத்து வருவது நெடிலுக்குப் பரீட்சை:

போ³-ஜு-க³ ப்³யோ-பு³-நி ஜோ-ஜு-நி போ³-ஜு-நொ எ-ஒ க-இ-த

போஜு, தலை மழித்த புத்தத் துறவி. ப்யோபு, அறையில் நிறுத்திவைக்கும் மடக்குத் திரை. மொட்டைச் சாமியார் ஒருவர் திரையில் மொட்டைச் சாமியார் படத்தை அழகாக வரைந்தார். ஓகாரம் நான்கு இடத்தில் வருகிறது. நான்கையும் முழுசாக இரண்டு மாத்திரைக்கு இழுக்க வேண்டும். அவசரத்தில் குறிலாக்கினால் சாமியார் ஓடிவிடுவார்.

ப³-ஸு க³-ஸு ப³-கு-ஹ-த்ஸு

பஸ், கேஸ், வெடிப்பு. இந்தப் பட்டியலிலேயே மிகச் சின்னது, ஏமாற்றுவதில் பெரியது. ஒரு தடவை யாரும் சொல்வார்கள். மூன்று தடவை மூச்சு விடாமல் சொல்லும்போது நடுவில் இருக்கும் கேஸ், பஸ் ஆகிவிடும். 'ஸு'வில் உதட்டைக் குவிக்காதீர்கள். குற்றியலுகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் மருந்து.

ஷி-ன்-ஷு-ன் ஷ-ன்-ஸொ-ன் ஷோ

புத்தாண்டுப் பிரெஞ்சுப் பாட்டுக் கச்சேரி என்று பொருள். ஷன்ஸொன் என்பது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பத்துத் தட்டு, அதில் நான்கு வெறும் 'ன்'. ஒவ்வொரு ன்னுக்கும் முழுத் தட்டு கொடுக்கவில்லை என்றால் வாக்கியம் இடிந்து விழும். ஷ நடுவே ஒரே ஒரு ஸ மட்டும் பதுங்கியிருக்கிறது. அதுவும் மூன்றாம் சுற்றில் ஷ ஆகிவிடும். பல்செட் போட்டிருக்கும் பெரியவர்களை இதற்கு வற்புறுத்த வேண்டாம். தமிழ் வகுப்பில் ஷ, ஸ, ச மூன்றையும் ஒன்றாகவே சொல்லித் திட்டு வாங்கியவர்கள், அதாவது என்னைப் போன்றவர்கள், இதைத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து பழக வேண்டும்.

மூங்கில் வாக்கியம் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது:

கொ-நொ த-கெ-க³-கி-நி த-கெ த-தெ-க-கெ-த-நொ-வ / த-கெ த-தெ-க-கெ-த-க-த்-த-க-ர / த-கெ த-தெ-க-கெ-த-நொ-த³

'இந்த மூங்கில் வேலியில் மூங்கிலைச் சாய்த்து வைத்தது, மூங்கிலைச் சாய்த்து வைக்கணும்போல இருந்ததால் மூங்கிலைச் சாய்த்து வைத்ததுதான்.' பஞ்சாயத்தில் மாட்டிக்கொண்டவன் சொல்லும் பதில் மாதிரி இருக்கிறது. முழுக்கத் தகரமும் ககரமும். இதைக் கடைசியிலிருந்து பழகுவதே புத்திசாலித்தனம்: முதலில் 'த-தெ-க-கெ-த-நொ-த³' மட்டும் பத்துத் தடவை, பிறகு அதற்கு முன்னால் 'த-கெ', பிறகு நடுத்துண்டு. பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வந்தால், சொல்லச் சொல்லப் பழகிய இடத்துக்குள் நுழைவீர்கள். முன்னாலிருந்து பழகினால் தெரியாத இடத்துக்குள் போவீர்கள்.

மாத்திரை விற்றவர்

இந்த விளையாட்டின் சிகரம் கபுகி மேடையில் இருக்கிறது. 'உஇரோ-உரி' என்ற நாடகம். உஇரோ மருந்து விற்பவன் என்று பொருள். 1718இல் எதொ நகரில், அதாவது இன்றைய தோக்யோவில், மொரிதா அரங்கில் இரண்டாம் இச்சிகாவா தன்ஜூரோ இதை முதலில் நடித்தார். அவருக்கு ஒரு சமயம் இருமலும் சளியும் வந்து வசனம் பேச முடியாமல் போனது, ஒதவாரா ஊரில் விற்ற உஇரோ மருந்து அவரைக் குணப்படுத்தியது, அந்த நன்றிக்காக மேடையேற்றினார் என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. நாடகத்தில் வியாபாரி தன் சரக்கின் பெருமையைக் காட்ட ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொள்கிறான். உடனே நாக்கு சக்கரமாகச் சுழலத் தொடங்கி, நாக்குழறல் வாக்கியங்களாக மூச்சுவிடாமல் கொட்டுகிறான். மருந்து மாத்திரை போட்டதும் இலக்கண மாத்திரை ஒன்றுகூடப் பிசகாது. இந்தச் சிலேடை தமிழில்தான் கிடைக்கும், தன்ஜூரோவுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இன்றைக்கும் ஜப்பானில் அறிவிப்பாளர், நடிகர், குரல் கலைஞர் ஆகப் பயிற்சி எடுப்பவர்கள் இந்த நீண்ட வசனத்தை மனப்பாடம் செய்கிறார்கள். 2019 ஜூலையில் தோக்யோவின் கபுகிஸா அரங்கில் தன்ஜூரோ குலத்தில் பிறந்த 6 வயதுச் சிறுவன் இதைப் பேசினான். ஒதவாராவில் அந்த மருந்துக் கடை இப்போதும் இருக்கிறது. அதே பெயரில் அரிசி மாவில் ஆவியில் வேகவைத்த ஒரு இனிப்பும் விற்கிறார்கள். எனக்குத் தெரிந்து அதைச் சாப்பிட்டு நாக்கு சுழன்றவர் யாருமில்லை.

வீட்டில் விளையாடும்போது

ஜப்பானிய வழக்கம் எளிமையானது: ஒரே மூச்சில் மூன்று தடவை. இரண்டு தடவை சொன்னவருக்கு மதிப்பெண் இல்லை. கூட்டம் பெரிதாக இருந்தால் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு துண்டு சொல்லுங்கள். ஒருவர் 'நமமுகி', அடுத்தவர் 'நமகொமெ', அதற்கடுத்தவர் 'நமதமகொ'. ஆட்களின் எண்ணிக்கை மூன்றால் வகுபடாமல் இருந்தால்தான் சுவை, ஒவ்வொரு சுற்றிலும் வேறு துண்டு வந்து சேரும். கைபேசியில் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் "நான் சரியாத்தான் சொன்னேன்" என்று மாமா சத்தியம் பண்ணுவார். தோற்றவருக்குத் தண்டனை ஒன்றும் வேண்டாம். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாலே போதும்.

பெரியவர்கள் மட்டும் செய்யக்கூடிய ஒரு பயிற்சி: பேச்சுப் பயிற்சியில் அங்கே சாப்பாட்டுக் குச்சியைப் பல்லுக்கிடையில் குறுக்காகக் கடித்துக்கொண்டு இந்த வாக்கியங்களைச் சொல்லச் சொல்வார்கள். குச்சியை எடுத்துவிட்டுச் சொன்னால் வாய் பூப்போல லேசாக இருக்கும். நம் வீட்டில் குச்சி இல்லாவிட்டால் பென்சில் போதும். உட்கார்ந்து செய்யுங்கள், பிள்ளைகளுக்கு வேண்டாம்.

எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்கும் நாளில் கடைசி வாக்கியத்தை எடுங்கள்:

தோ-க்யோ / தொ-க்-க்யொ / க்யொ-க-க்யொ-கு

பதினோரு தட்டு. தோக்யோ காப்புரிமை அனுமதி அலுவலகம் என்று பொருள். முதல் எழுத்திலேயே நாம் தவறு செய்வோம். அந்த ஊர் 'டோக்கியோ' அல்ல. பல்லைத் தொடும் த, இரண்டு ஓகாரமும் நெடில், க் இரட்டிப்பதில்லை. இரட்டிப்பது அடுத்த சொல்லில்தான். அங்கே ஒகரம் குறில். க்ய என்று எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காததால் நம் நாக்குக்கு இது புது நடை. ஜப்பானியர்களே விழுவது மூன்றாம் சொல்லில்: 'க்யொ-க-க்யொ-கு' என்பதில் நடுவில் உள்ள சாதாரண 'க', இருபுறமும் இருக்கும் க்யொவைப் பார்த்துத் தானும் 'க்ய' ஆகிவிடும். அந்த 'க'வை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள்.

இப்படி ஓர் அலுவலகம் ஜப்பானில் கிடையாது. நாக்கைப் பிடித்திழுக்கவே கட்டிய பெயர். காப்புரிமை வேண்டுகிறவர்கள் தோக்யோவின் கஸுமிகஸெகி பகுதியில் இருக்கும் 'தொக்க்யொசோ' என்ற அரசு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். அந்தப் பெயரை எத்தனை தடவை வேண்டுமானாலும் வேகமாகச் சொல்லலாம், ஒன்றும் ஆகாது.